கோட்டுக்கு மேலே ஏறிய எண்ணெய்

பின்னறைக்குள் நுழைந்து விளக்கைப் போட்டதும் டர்னர் முதலில் பார்ப்பது சக் சாவியைத்தான். அது சுவரில் ஆணியில் தொங்க வேண்டும். தொங்கும். இருந்தாலும் விரலால் ஒரு தரம் தொட்டுப் பார்ப்பார். வேலை முடிந்து கதவைச் சாத்தும்போது மறுபடி உள்ளே போய் இன்னொரு தரம் தொட்டுவிட்டு வருவார். அவர் கடைசல் வேலை பார்த்த தண்ணீர்ப் பம்புப் பட்டறையில் அவருக்கு 'ரெண்டுதரம்' என்றே பெயர். அளவெடுத்தால் ரெண்டு தரம், பூட்டை இழுத்துப் பார்த்தால் ரெண்டு தரம், தும்மினால்கூட ரெண்டு தரம் என்று கேலி செய்வார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. தும்மல் விஷயம் உண்மைதானா என்று மட்டும் கொஞ்ச நாள் கவனித்துப் பார்த்தார்.

லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் இரும்பைக் கவ்விக்கொண்டு சுழலும் பாகம்தான் சக். அதை இறுக்கிவிட்டு, சாவியை எடுக்க மறந்து மோட்டாரைப் போட்டால், சாவி குண்டு மாதிரி பறக்கும். யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. இதை அவர் தன் அண்ணனிடம் பார்த்தார்.

அண்ணனும் டர்னர்தான், அதே பட்டறையில் அடுத்த லேத். தம்பிக்கு நேரெதிர். தம்பி ஒரு தண்டை அளந்து முடிப்பதற்குள் அண்ணன் இரண்டைக் கடைந்து கழுவி வைத்துவிட்டு, "ஏண்டா, அந்த இரும்பு உன்கிட்ட பொய்யா சொல்லுது? ஒரு தரம் கேட்டா போதாதா?" என்பார். பட்டறை முழுக்கச் சிரிக்கும். அந்த அண்ணனுக்குத்தான் மறதி வந்தது. முதலில் டீயில் சர்க்கரையை ரெண்டு தரம் போட்டுக்கொண்டார். தம்பியின் வியாதி அண்ணனுக்கும் ஒட்டிக்கொண்டது என்று அதற்கும் சிரித்தார்கள். பிறகு ஒருநாள் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டாரைப் போட்டார். அது கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு போய்விட்டது.

அன்று சாயங்காலம் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார்கள். பாதி வழியில் அண்ணன் நின்று சொன்னார்: "டேய், நம்ம ரெண்டு பேர்ல யாருக்கு மண்டை மக்கர் பண்ணாலும், அன்னிக்கே மிஷினை விட்டு இறங்கிடணும். அடுத்தவன் சொல்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது. சத்தியம் பண்ணு." தம்பி சத்தியம் பண்ணினார். அண்ணனும் பண்ணினார்.

அண்ணன் அதை மறந்துபோனார். அந்த மழைக்காலம் முடிவதற்குள் இடது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு வந்து மறுபடி லேத் முன்னால் நின்றவரின் தோளைப் பிடித்துத் திருப்பி, வீட்டுக்குக் கூட்டிப் போனது தம்பிதான்.

அதற்குப் பிறகு பட்டறையை மூடினார்கள். பெரிய லேத்துகள் எங்கெங்கோ போயின. மூலையில் கிடந்த சின்ன லேத்தை யாரும் சீண்டவில்லை. டர்னர் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தார். பின்னறைக் கதவு வழியாக அது நுழையாததால் ஜன்னல் சட்டத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. அவர் மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். யார் என்ன சொன்னாலும் சுருக்கமாகக் கேட்டு, சுருக்கமாகப் பதில் சொல்லி, இணைப்பைத் துண்டித்துவிடுவாள்.

"இது உள்ள வந்துட்டா நான் வெளிய போகணுமா?" என்றாள்.

"உனக்கு சமையலறை இருக்கே."

"சரி. எண்ணெய்க் காலோட அங்க வந்தீங்க, அவ்வளவுதான்."

ஒப்பந்தம் அதோடு முடிந்தது. இத்தனை வருஷமாக இருவரும் அதை மீறவில்லை.

அந்த லேத்துக்கு ஒரே ஒரு குறை. கியர்பாக்ஸ் கிடையாது. ஒரு திருகாணியில் மரை வெட்ட வேண்டுமென்றால், லேத்தின் இடது பக்க மூடியைத் திறந்து, கணக்குப் போட்டு, பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். அடுத்த திருகாணிக்கு வேறு மரை என்றால் மறுபடி கழற்றல், மறுபடி கணக்கு. கியர்பாக்ஸ் இருந்தால் ரெண்டு கைப்பிடியை நகர்த்தினால் போதும். அதே கம்பெனி, அதே லேத்துக்கென்று செய்த கியர்பாக்ஸ் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தபோது, டர்னர் அதைத் தூங்கும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

அவருக்கு அப்போது ஒரு வேலையும் காத்திருந்தது. தெருக்கோடியில் கடை வைத்திருக்கும் தையல்காரர் உட்காரும் முக்காலி, திருகினால் உயரும் வகை. அதன் நடுத்திருகு தேய்ந்து, உட்கார்ந்ததும் சரக்கென்று கீழே இறங்கிவிடும். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு தினமும் ஒரு நடை வந்துவிடுவார்.

"அண்ணே, என் முக்காலி எப்ப உயரும்? இப்ப நான் உட்கார்ந்தா துணி வாங்க வர்றவங்களுக்கு என் தலை மட்டும்தான் தெரியுது. கடையில ஆளே இல்லைன்னு திரும்பிப் போயிடறாங்க."

"பெட்டியை மாட்டினதும் முதல் வேலை உன்னுதுதான்."

மாட்டுவது லேசான காரியமாக இல்லை. லேத்தின் முன்பக்கம் நீளமாக ஓடும் லீடு ஸ்க்ரூதான் மரை வெட்டும்போது கருவியை இழுத்துக்கொண்டு போகும். கியர்பாக்ஸ் வந்தால் அந்தத் தண்டின் இடது முனையைக் குறைத்துக் கடைய வேண்டும். வெட்டிவிட்டால் திரும்பி ஒட்ட முடியாது. டர்னர் நான்கு நாள் அதை அளந்துகொண்டே இருந்தார். ஐந்தாம் நாள் மனைவி வந்து, "அது வளரப் போறதில்லை. வெட்டுங்க" என்றாள். வெட்டினார். பெட்டியைப் போல்ட்டுகளில் நிறுத்தி இறுக்கியதும் லீடு ஸ்க்ரூ கையால் திருப்ப முடியாமல் விறைத்துக்கொண்டது. போல்ட்டைத் தளர்த்தினால் வெண்ணெய் மாதிரி சுற்றியது. பெட்டி தலைமுடியளவு சாய்ந்து உட்காருகிறது என்று அர்த்தம். பித்தளைத் தகட்டில் மெல்லிய துண்டு வெட்டிக் கீழே கொடுத்தார். போதவில்லை. இன்னொன்று கொடுத்தார். அதிகமாகிவிட்டது. ஒன்றை எடுத்து எண்ணெய்க் கல்லில் தேய்த்து மறுபடி வைத்தார். இறுக்கினார். இரண்டு விரலால் லீடு ஸ்க்ரூவைத் திருப்பினார். சுற்றியது. கதவு வரை போனவர் திரும்பி வந்து இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். சுற்றியது.

பிறகு எண்ணெய். கியர்பாக்ஸின் தலையில் ஒரு பள்ளம் இருக்கும், அதில் வரிசையாகத் துளைகள். பள்ளத்தில் ஊற்றினால் எண்ணெய் துளைத் துளையாக இறங்கி, உள்ளே பல்சக்கரங்களுக்குப் போய், அடியில் சேரும். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்க முன்பக்கம் வட்டமாக ஒரு கண்ணாடி, கண்ணாடியின் நடுவில் ஒரு கோடு. கோட்டுக்குக் குறைந்தால் பல்சக்கரம் காயும். கோட்டைத் தாண்டினால் எண்ணெய் கலங்கி நுரைத்துச் சூடேறும். டர்னர் பெரிய தகரக் கேனிலிருந்து கெட்டியான கியர் எண்ணெயை நிதானமாக ஊற்றினார். கோட்டில் சரியாக நின்றதும் நிறுத்தினார். அன்று மத்தியானம் பெட்டியைப் பழக்குவதற்காக லேத்தைச் சும்மா ஓட்டினார்.

மறுநாள் காலை எண்ணெய் கோட்டுக்கு மேலே இருந்தது.

பள்ளத்தில் தங்கியது மெதுவாக இறங்கியிருக்கும் என்று எண்ணி, அடித்திருகைக் கொஞ்சம் தளர்த்திக் கோடு வரை வடித்தார். வடித்ததை வீணாக்காமல் அதே கேனில் ஊற்றினார். தண்டுக்கு உறையாக ஒரு பித்தளைப் புஷ் கடைய வேண்டியிருந்தது, கடைந்தார். அதற்கடுத்த நாள் காலை, எண்ணெய் மறுபடி கோட்டுக்கு மேலே.

டர்னர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியையும் துடைத்துவிட்டுப் பார்த்தார். ஒழுகிக் குறைந்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. பழைய பெட்டி, ஒழுகத்தான் செய்யும். ஏறுவதற்கு என்ன நியாயம்? எண்ணெய் வற்றிப் பார்த்திருக்கிறார், கருத்துப் பார்த்திருக்கிறார், தீப்பிடித்துக்கூட ஒருமுறை பார்த்திருக்கிறார். பெருகிப் பார்த்ததில்லை.

அன்று டீ கொடுக்க வந்த மனைவி வாசலில் நின்றபடியே சொன்னாள்: "நல்ல காரியம் பண்ணீங்க. ஒழுக்கை அடைச்சிட்டீங்க போலிருக்கே."

எந்த ஒழுக்கு என்று டர்னருக்குப் புரியவில்லை. எதையும் அடைத்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. கேட்கலாம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணன் முகம் வந்து நின்றது. சர்க்கரைக் கரண்டியோடு, "நான் போட்டேனா? போட்டிருக்க மாட்டேனே" என்று டீக்கடையில் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்த முகம்.

"ம்ம்" என்றார் டர்னர்.

அந்த ஒரு 'ம்ம்' அவரை அன்று முழுக்கப் படுத்தியது. எதையோ அடைத்திருக்கிறேன், ஞாபகமில்லை. அப்படியென்றால் எண்ணெயும் ஊற்றியிருக்கலாம், ஞாபகமில்லாமல். கோடு வரை ஊற்றினேன் என்பது நிச்சயம். ஊற்றிவிட்டு வெளியே போய், வழக்கம்போல ரெண்டாவது தரம் உள்ளே வந்தேன், அதுவும் நிச்சயம். ரெண்டாவது தரம் வந்தது பார்ப்பதற்கா, ஊற்றுவதற்கா? எத்தனை யோசித்தாலும் கதவைத் திறந்தது வரைக்கும்தான் வந்தது. அதற்குப் பிறகு நேற்றும் முந்தாநாளும் போன மாசமும் ஒன்றோடொன்று கலந்துகொண்டன. தினமும் ஒரே மாதிரி செய்கிறவனுக்கு எந்த நாள் எதுவென்று எப்படித் தெரியும்?

கேனைத் தூக்கிப் பார்த்தார். குறைந்திருந்தால் ஊற்றியிருக்கிறேன் என்று தெரிந்துபோகும். ஆனால் வடித்த எண்ணெயையும் அதற்குள்ளேயே ஊற்றி வந்ததால், கனத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. சிக்கனம் பிடித்தவனுக்கு இப்படி ஒரு தண்டனை.

மறுநாள் அவர் கேனைத் தூக்கிக்கொண்டு போய் மனைவியிடம் நீட்டினார்.

"இதை உன் அலமாரியில வெச்சுப் பூட்டு."

"எண்ணெய்க் கேனையா? புடவை மேலயா?"

"கீழ்த்தட்டுல வெச்சுக்கோ. சாவியை என்கிட்ட குடுக்காத."

"ஏன், குடிக்கிறீங்களா?"

"சொன்னதைச் செய்யேன்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். ஒரு செய்தித்தாளை விரித்து, கேனை அதன் மேல் வைத்துப் பூட்டினாள். சாவியை வழக்கமாக வைக்கும் டப்பாவில் போட்டாள். அந்த டப்பா எங்கே இருக்கிறது என்று டர்னருக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் நன்றாயிருக்கும் என்று நினைத்தார்.

அன்றும் எண்ணெயைக் கோடு வரை வடித்துவிட்டு லேத்தை ஓட்டினார். ஒரு தண்ணீர்க் குழாய்க்குத் தேவையான சின்ன உருப்படி. மறுநாள் காலை எண்ணெய் ஏறியிருந்தது.

"சாவியை நான் கேட்டேனா?" என்று மனைவியிடம் விசாரித்தார்.

"இல்லையே."

"எடுத்ததைப் பார்த்தியா?"

"நான் என்ன உங்களுக்குக் காவலா இருக்கேன்? குளிக்கப் போனேன், கடைக்குப் போனேன். என்னதாங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீயா எதாவது ஊத்தினியா?"

"நான் உங்க மிஷின்ல ஊத்தறதா! வீட்டுல இருக்கிற வேலையே எனக்கு ஊத்தி மூட முடியலை."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

டர்னர் கடைசியாக ஒரு பரீட்சை வைத்தார். பெட்டியைக் கோடு வரை வடித்துவிட்டு, இரண்டு நாள் பின்னறைப் பக்கமே போகவில்லை. அந்த இரண்டு நாளும் முன்னறையில் உட்கார்ந்து செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசித்தார். தையல்காரர் வந்து, "என்னண்ணே, மிஷினோட சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்து, கண்ணாடிக்கு நேராகக் குனிந்தார்.

எண்ணெய் கோட்டிலேயே நின்றது. இம்மி ஏறவில்லை.

அவ்வளவுதான். அவர் போனால் ஏறுகிறது, போகாவிட்டால் ஏறவில்லை. இதற்கு மேல் யாரைச் சந்தேகப்படுவது? டர்னர் சுவரில் சாய்ந்து நின்றார். சக் சாவி ஆணியில் தொங்கியது. அதைப் பார்த்தபோது, இது இன்று தொங்குகிறது, நாளைக்கு எங்கே இருக்கும் என்று தோன்றியது. கூரையில் ஓட்டை போட்ட அண்ணன் சாவியும் முந்தின நாள் வரை ஒழுங்காகத்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வருவாள். அவள் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "பெரியப்பா கையைப் பார்த்தப்புறமும் உங்களுக்கு இது வேணுமாப்பா?" அவளிடம் தானே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். லேத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம். அடுத்தவர் சொல்லும் வரை காத்திருக்கக் கூடாது, அதுதானே சத்தியம்.

ஞாயிறு காலை மகள் வந்ததும், அவளையும் மனைவியையும் பின்னறைக்குக் கூப்பிட்டார். மின்பெட்டியிலிருந்து ஃபியூஸைப் பிடுங்கி மகள் கையில் கொடுத்தார்.

"இதை வெச்சுக்க. இனிமே இந்த மிஷினை நான் ஓட்ட மாட்டேன்."

மகள் ஃபியூஸையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். இத்தனை நாள் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. "என்னப்பா ஆச்சு? அடிகிடி பட்டுச்சா?"

"படல. படறதுக்கு முன்னால நிறுத்தறேன்." எல்லாவற்றையும் சொன்னார். கோடு, கேன், சாவி, இரண்டு நாள் பரீட்சை. சொல்லச் சொல்ல, திருட்டை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி குரல் இறங்கிக்கொண்டே போனது. மனைவி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியாமலே ஊத்திட்டு இருக்கேன். இன்னிக்கு எண்ணெய். நாளைக்குச் சாவியை விட்டுடுவேன்."

யாரும் எதுவும் சொல்வதற்குள் வாசலில் தையல்காரர் குரல் கேட்டது. "அண்ணி, அண்ணன் இருக்காரா? முக்காலி இன்னிக்கு என்னைத் தரையிலேயே உட்கார வெச்சிருச்சு!" பேசிக்கொண்டே உள்ளே வந்தவர் மூன்று முகங்களையும் பார்த்து நின்றுவிட்டார். டர்னர் அவரிடமும் சொன்னார்.

"எண்ணெய் ஏறுதா?" தையல்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, உங்க வீட்டுக்கு அடியில எண்ணெய்க் கிணறு இருக்கு. வெளிய சொல்லாதீங்க, கவர்மெண்ட் எடுத்துக்கும்." யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நாடாவை இறக்கிக் கையில் சுற்றிக்கொண்டார். "சரி, சும்மா சொன்னேன்."

"யாருக்குக் குடுத்தாலும் சுத்தமாக் குடுக்கணும்" என்று டர்னர் ஒரு பேசினைக் கீழே வைத்து, கியர்பாக்ஸின் அடித்திருகை முழுதாகக் கழற்றினார். எண்ணெய் கொட்டியது. கடைசிச் சொட்டு வரை காத்துக்கொண்டிருந்தார். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் மற்ற மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

தையல்காரர் தன் வழக்கப்படி கை சும்மா இருக்காமல், பேசினில் ஒரு விரலை விட்டுக் கட்டைவிரலோடு தேய்த்தார். முகர்ந்தார். மறுபடி தேய்த்தார்.

"அண்ணே, இது என் எண்ணெயாச்சே."

"எது?"

"நீங்க எனக்குத் தையல் மிஷினுக்கு ஒரு பாட்டில் ஊத்திக் குடுப்பீங்களே, அது. அதே வாசம்."

"அது தண்ணி மாதிரி இருக்கிற எண்ணெய்ப்பா. இது கியர் எண்ணெய், பாகு மாதிரி இருக்கும்."

"பாகா? இதுல பாகு எங்க இருக்கு? நீங்களே தொட்டுப் பாருங்க."

டர்னர் தொட்டார். விரல்களைச் சேர்த்துப் பிரித்தார். கியர் எண்ணெய் நூல் மாதிரி இழுபட வேண்டும். இது இழுபடவில்லை, வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னொரு தரம் தொட்டார். தன் வாழ்நாளில் அவர் அளவெடுத்த எதிலும் இப்படிக் குழம்பியதில்லை. இந்த மெல்லிய எண்ணெய் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போகும். கியர்பாக்ஸுக்கு நேர் மேலே இருக்கும் ஹெட்ஸ்டாக், அதாவது சக்கைத் தாங்கிச் சுழற்றும் தலைப்பகுதி. அதன் மேல் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள் உண்டு. லேத் ஓடும்போது கிண்ணத்தின் ஊசியைத் திறந்துவிட்டால், எண்ணெய் சொட்டுச் சொட்டாகப் பேரிங்குக்கு இறங்கும். லேத்தை நிறுத்தினால் ஊசியை மூடிவிடுவார். பேரிங்கை நனைத்த எண்ணெய் வெளியே வழிந்து...

"அந்த ஃபியூஸைக் குடும்மா" என்றார்.

"இப்பத்தானே குடுத்தீங்க?"

"குடு."

ஃபியூஸைப் போட்டார். சாவி ஆணியில் இருக்கிறதா என்று பார்த்தார், தொட்டார். ஊசிகளைத் திறந்து லேத்தை மெதுவாக ஓடவிட்டார். பிறகு தரையில் மண்டியிட்டு, ஹெட்ஸ்டாக்கின் அடி விளிம்பில் கண்ணை வைத்துக்கொண்டார். மகளும் குனிந்தாள். தையல்காரரும் குனிந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு விளிம்பில் ஒரு பொட்டு மினுங்கியது. பருத்தது. ஆடியது. விழுந்தது, கியர்பாக்ஸின் தலையில் இருந்த பள்ளத்துக்குள். அங்கிருந்த துளை அதை விழுங்கிக்கொண்டது. அடுத்த பொட்டு மினுங்கத் தொடங்கியது.

டர்னர் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே, லேத்துக்கு அடியில் கிடந்த தகரத் தட்டைப் பார்த்தார். பழைய தட்டு, கியர்பாக்ஸ் வருவதற்கு முன் இந்தச் சொட்டெல்லாம் அதில்தான் விழும். அறையைப் பெருக்கும்போது அதை எடுத்துக் கொட்டுவது மனைவி வேலை. தட்டு காய்ந்து கிடந்தது. அதில் ஒரு சிலந்திகூட வலை கட்டியிருந்தது.

"தட்டு காய்ஞ்சிருக்கு" என்றார்.

"அதைத்தானே நான் அன்னிக்கே சொன்னேன்!" மனைவி கதவுச் சட்டத்தை விட்டு முன்னால் வந்தாள். "ஒழுக்கை அடைச்சிட்டீங்க போலிருக்கேன்னு. நீங்களும் ம்ம்னீங்க."

"நான் எதையும் அடைக்கல."

"அப்ப எதுக்கு ம்ம்னீங்க?"

டர்னர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அடைச்சிட்டு மறந்துட்டேனோன்னு."

அவள் அவர் தோள் மேல் கையை வைத்தாள். பிறகு, "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? என் அலமாரி முழுக்க எண்ணெய் நாத்தம்" என்றாள். குரல் மட்டும் வழக்கம்போல இல்லை. மகள் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு நிற்காமல், கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப கிணறு இல்லையா?" என்றார் தையல்காரர்.

"மழை" என்றார் டர்னர்.

அன்றே ஒரு தகரத் துண்டை வளைத்து, சொட்டு விழும் விளிம்புக்குக் கீழே சின்ன வாய்க்கால் மாதிரி பொருத்தினார். எண்ணெய் வாய்க்கால் வழியாக ஓடிப் பழையபடி தட்டில் விழுந்தது. கேனில் இருந்ததும் கலப்பட எண்ணெய்தான் என்பதால் அதைத் துருப்பிடித்த கீல்களுக்கென்று ஒதுக்கிவிட்டு, கியர்பாக்ஸைக் கழுவி, புதிதாக வாங்கிய கெட்டி எண்ணெயைக் கோடு வரை ஊற்றினார். மறுநாளும் கோட்டில் நின்றது. அதற்கடுத்த நாளும். தையல்காரரின் திருகை அந்த வாரமே வெட்டினார். இரண்டு கைப்பிடியை நகர்த்தியதோடு சரி, கணக்கே இல்லை. முக்காலி உயர்ந்தது. இப்போது துணி வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்று தையல்காரர் புதுக் குறை சொன்னார்.

எல்லாம் தெளிந்துவிட்டது என்றுதான் டர்னர் எண்ணினார். ஆனால் ஒன்று மட்டும் உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. எண்ணெய் ஏறியது அவர் செய்ததல்ல, சரி. ஆனால் அந்த ரெண்டாவது தரம் அறைக்குள் போனபோது என்ன செய்தார் என்பது இன்றுவரை ஞாபகம் வரவில்லை. ஊற்றவில்லை என்று எண்ணெய்தான் சாட்சி சொன்னது. அவர் தலை சொல்லவில்லை. அதனால் மனைவியிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். மோட்டாரைப் போடுமுன் அவர் உரக்க, "சாவி ஆணியில" என்று சொல்ல வேண்டும். அவள் சமையலறையிலிருந்து, "கேட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லாமல் மோட்டார் சத்தம் கேட்டால் அவள் வந்து பார்ப்பாள். பழைய ஆபரேட்டருக்கு அது ஒரு சிரமமே இல்லை.

அடுத்த வாரம் அண்ணனைப் பார்க்கப் போனார். அண்ணன் தன் மகன் வீட்டில், ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தம்பியை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. யார் வந்தாலும் அவர் அதே மாதிரிதான் தலையசைப்பார். மருமகள் இரண்டு டம்ளரில் டீயும் சர்க்கரைக் கிண்ணமும் கொண்டுவந்து வைத்தாள். பேச வேறொன்றும் இல்லாததால் டர்னர் நடந்ததைச் சொல்லத் தொடங்கினார். கியர்பாக்ஸ் மாட்டினது, கோடு வரை ஊற்றினது.

"காலையில பார்த்தா எண்ணெய் ஏறியிருக்குண்ணே. வடிச்சுட்டா, மறுநாள் மறுபடி ஏறுது."

அண்ணன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "தட்டு காய்ஞ்சிருந்துச்சா?"

டர்னர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். அலமாரி, சாவி, இரண்டு நாள் பரீட்சை, பிடுங்கிய ஃபியூஸ், இதெல்லாம் ஒரு பக்கம். இந்த ஒரு கேள்வி ஒரு பக்கம். எது போய்விட்டது இவருக்கு, எது போகவில்லை? தான் சத்தியம் பண்ணினது எதைப் பற்றி?

"ஆமாண்ணே" என்றார். "காய்ஞ்சுதான் இருந்துச்சு. உனக்கு எப்படித் தெரியும்?"

அண்ணன் அவர் பக்கம் திரும்பினார். கேள்வியைத் தேடுகிற மாதிரி தம்பியின் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"என்னது?" என்றார்.

பிறகு மூன்று விரல் கையால் டம்ளரை இழுத்து, ஒரு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்கினார். வைத்தார். மறுபடி கரண்டியை எடுத்து இன்னொன்று போட்டார். டம்ளரைக் கவனமாகப் பார்த்துவிட்டு, "போட்டேனா?" என்று கேட்டார்.

"போட்டாச்சுண்ணே. பார்த்துட்டுத்தான் இருக்கேன். குடி."

அண்ணன் குடித்தார். டர்னர் தன் டம்ளரை எடுத்து வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார். தனக்குச் சர்க்கரை போட்டோமா என்று அவருக்கும் தெரியவில்லை. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். போடவில்லை. கிண்ணத்தைத் தன் பக்கம் நகர்த்தி, அண்ணன் காதில் விழும்படி, "ஒரு கரண்டி போடறேன்" என்றார்.

"கேட்டுச்சு" என்றார் அண்ணன்.